அம்புலியை அழைத்தவரும் குழந்தையை அழைப்பவரும்

பிள்ளைத்தமிழ் நூல்களுள் அம்புலிப் பருவம் பாடுவதே அரிது என்பர் புலவர். காரணம் வெளிப்படை. தளர்நடை பயிலும் பாட்டுடைக் குழந்தையோடு விளையாட வருமாறு வானத்துத் திங்களைக் கவிஞர் அழைத்தல் வேண்டும். அழைத்தால் வாராத ஒன்றை அழைப்பதாகலின், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் அவர் கையாளுவர். நீயும் இக்குழந்தையும் பல வகையில் ஒப்பீர் என்று இன்சொற் கூறுவது சாமம். நீ எங்கே, இக்குழந்தை எங்கே என்று வேற்றுமை காட்டுவது பேதம். வந்தால் இன்னது பெறுவாய் என்பது தானம். வாராதொழியின் இன்னது நேரும் என்று அச்சுறுத்துவது தண்டம். மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் முதலாகப் பலர் இத்துறையில் தம் வன்மையைக் காட்டினர். வளர்ந்தோர் தம் சொல்லாற்றல் முழுவதையும் ஒரு குழந்தையின் பொருட்டு நிலவின்மேற் செலுத்திய மரபு அது.

இன்றும் அந்நான்கு உபாயங்களும் வழக்கிழந்துவிடவில்லை. மாலை நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அரைமணி நேரம் அமர்ந்திருப்போர் அவற்றை ஒன்றும் குறையாமற் காணலாம். உன்னைப் போன்ற கெட்டிக்காரப் பிள்ளைகளெல்லாம் இதனையே அருந்துகிறார்கள் என்பது சாமம். அருந்தியவன் ஓட்டப் பந்தயத்தில் முந்துகிறான்; அருந்தாதவன் மூச்சிரைத்து நிற்கிறான்; இது பேதம். பொதியினுள்ளே ஒரு விளையாட்டுப் பொருள் இலவசம் என்பது தானம். இது குடியாத பிள்ளை உயரமாக வளராது, வகுப்பிற் கடைசியில் நிற்கும் என்பது தண்டம். உபாயங்கள் மாறவில்லை, அவை செலுத்தப்படும் இலக்கு மாறிவிட்டது. முன்னர்க் குழந்தைக்காக நிலவை வசப்படுத்த முயன்றனர். இப்பொழுது விற்பனைக்காகக் குழந்தையை வசப்படுத்துகின்றனர். நிலவுக்குச் செவியில்லை; எத்தனை உபாயம் செய்தாலும் அதற்கொரு கேடுமில்லை. குழந்தைக்கோ செவியுண்டு, சொல்பவனின் உள்நோக்கத்தை அளந்தறியும் அறிவு இன்னும் முதிரவில்லை.

ஏழெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளம்பரத்தையும் உண்மைச் செய்தியையும் பிரித்துணர வல்லரல்லர் என்பது உளவியலாரின் முடிபு. அமெரிக்க உளவியற் சங்கம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், எட்டு வயதுக்குட்பட்டோரை நோக்கிய விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றே பரிந்துரைத்தது. இவ்வழக்கு உலகெங்கும் நடக்கின்றது. ஆயினும் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் அதற்குத் தனியான ஒரு கனம் உண்டு. அதனையே ஈண்டு ஆராய விரும்புகின்றேன்.

இலங்கையில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. யப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வந்தது. அதன் அலைகளைப் பரப்பும் நிலையங்களுள் ஒன்று, நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. அடிவாரத்திலே தேயிலைத் தோட்டங்கள். தலைக்கு மேல் நிற்கும் மலையிலிருந்தே விளம்பரம் இறங்கி வருகின்றது என்று சொன்னால் அது உருவகமன்று. நில அமைப்பு அப்படி. பின்னர், 1998இல் சக்தி தொலைக்காட்சியும் 2009இல் வசந்தம் தொலைக்காட்சியும் தமிழில் வந்தன. அதன்மேல் தகரக் கூரைகளில் டிஷ் அன்டனாக்கள் முளைத்தன. 2007இல் சென்னையிலிருந்து சுட்டி டிவி என்னும் சிறுவர் அலைவரிசை தோன்றியபோது, லயத்துப் பிள்ளைகள் நாள் முழுதும் தமிழ்க் கார்ட்டூன் காணும் காலமும் பிறந்தது.

விளம்பரம் இம்மக்களுக்குப் புதிய உறவன்று. 1950ஆம் ஆண்டில் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கிற்று. ஒரு பற்பசையின் பெயர் தாங்கிய இந்தித் திரையிசை நிகழ்ச்சி 1952 முதல் இந்நாட்டிலிருந்தே இந்தியா முழுவதையும் வானொலிப் பெட்டியின் முன் இருத்தியது. அதற்கும் முன்னே, 1890ஆம் ஆண்டில் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தம் தேயிலை விளம்பரங்களிற் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவத்தையே அச்சிட்டு உலகெங்கும் பரப்பினார். கூடை சுமந்த பாட்டியின் படத்தைக் காட்டி மேனாட்டாருக்குத் தேநீர் விற்றார்கள். அப்பாட்டியின் கொள்ளுப்பேரனுக்கு இன்று மேனாட்டுப் பால்மாவும் மாப்பானமும் விற்கிறார்கள். வணிகத்தின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கின்றது.

இனி உயரத்தைப் பற்றிய வாக்குறுதிக்கு வருவோம். இதுவே என் நெஞ்சை வருத்தும் பகுதி.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியிலோ ஏறத்தாழ 32 பேர். அஃதாவது மூன்று பிள்ளைகளுள் ஒன்று. இக்குறை எப்பொழுது உண்டாகின்றது? பெரும்பாலும் கருவிலும், பிறந்து இரண்டு ஆண்டுகளுக்குள்ளும். தாயின் ஊட்டம், குறைந்த பிறப்பு நிறை, தூய நீரின்மை, அடிக்கடி வரும் வயிற்றுநோய், குடும்ப வருவாய் ஆகியவை அதற்குக் காரணங்கள். ஆறு வயதிலோ எட்டு வயதிலோ சீனியும் கொக்கோவும் கலந்த மாவை வெந்நீரிற் கரைத்துக் கொடுத்து அதனை மீட்க முடியாது. ஆனால் விளம்பரம் பேசுவது யாரிடம்? சுவரிலே கோடு கிழித்து உயரம் பார்க்கும் பிள்ளையிடம். கொழும்பிலுள்ள செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு வேடிக்கை. லயத்துப் பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் அது உள்ளிருக்கும் புண்ணைத் தொடும் சொல்.

அத்தாய் பெரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்து, பேர் விழுந்ததா என்று பார்த்து மாலையில் வீடு திரும்புபவள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டியதே நெடுநாட் போராட்டத்திற்குப் பின்னர், 2021ஆம் ஆண்டிலேதான். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என முடிவாயிற்று. பகலெல்லாம் பிள்ளை மடுவத்தில் இருந்த குழந்தையும், பாடசாலை விட்டு வந்த மூத்த பிள்ளையும் அவளைக் கண்டதும் கேட்பது விளம்பரத்திற் கண்ட பொதியை. அருகிலே இல்லாத நேரத்தையெல்லாம் ஏதேனும் ஒன்று கொடுத்து ஈடுசெய்ய விரும்புவது தாயுள்ளத்தின் இயல்பு. பெரிய பொதி வாங்க இயலாதவளுக்கென்றே சிறு பைக்கற்றுகளைக் கடையிலே சரஞ்சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பயறு, முட்டை, கீரை ஆகியவற்றுக்குப் போக வேண்டிய காசு அங்கே போய்விடுகின்றது. பால்மா கிடைப்பது அரிதாகி, விலை ஏறி, மக்கள் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில் பல வீடுகளிற் சாயத்தண்ணியும் ரொட்டியுமே உணவாயின. அப்பொழுதும் பிள்ளைக்கு நினைவிலிருந்தது பெட்டியிற் கண்ட வெள்ளைக் கோப்பைதான்.

ஒரு செய்தியை இங்கே நினைத்துப் பார்க்கத் தகும். 1973ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் கர்ப்பிணித் தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், ஊட்டம் குறைந்த பிள்ளைகளுக்கும் திரிபோஷ என்னும் சத்துமாவை இலவசமாக வழங்கி வருகின்றது. சோளமும் சோயாவும் சேர்ந்தது அது. அதற்குப் பாட்டில்லை, கார்ட்டூன் இல்லை, பந்தயத்தில் முந்தும் சிறுவன் இல்லை. மருத்துவ நிலையத்திலிருந்து சாதாரணப் பையிலே வீட்டுக்கு வருகின்றது. இலவசமாகக் கிடைப்பது ஏழைக்குரியது, விலை கொடுத்து வாங்குவதே நல்லது என்ற எண்ணத்தைத் தோட்டத்துத் தாய்மாரிடம் நான் கண்டிருக்கிறேன். அவ்வெண்ணம் விதைக்கப்பட்டது, தானே முளைத்ததன்று.

உயர வாக்குறுதி எங்கும் செல்லுபடியாகவில்லை என்பதையும் கூறவேண்டும். பிரித்தானியாவில் ஒரு நேப்பாளத் தொலைக்காட்சியில் ஹோர்லிக்ஸ் விளம்பரம் ஒன்று, பிள்ளைகளை உயரமும் வலிமையும் கூர்மையும் உடையவராக்கும் என்று சொன்னபோது, அந்நாட்டு விளம்பரத் தர அதிகார சபை 2008ஆம் ஆண்டில் அதனைத் தடுத்தது. அவ்விளம்பரம் வங்காளதேசத்துக்கெனத் தயாரிக்கப்பட்டது, பிரித்தானியாவுக்குரியதன்று என்பது நிறுவனத்தார் தந்த விளக்கம். இவ்விளக்கம் குற்றத்தைவிடச் சுவையானது. இலண்டனிற் சொல்லக்கூடாத சொல்லை டாக்காவிற் சொல்லலாம் போலும்!

நம் நாட்டிலே சட்டமே இல்லை என்று கூறல் நேர்மையன்று. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் உலக விதிக்கோவை 1981ஆம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் நிறைவேறிற்று. அதன் வழியே இலங்கையும் தனக்கென ஒரு விதிக்கோவை வகுத்துக்கொண்டது. புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரம் செய்தலை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுத்தது. 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாக மென்பானங்களின் போத்தல்களிற் சீனியின் அளவு காட்டும் நிறக்குறிகள் வந்தன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு. ஆனால் சிவப்புக் குறியை வாசித்துப் பொருளுணர்பவர் பெரியவர். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சிவப்பு ஓர் அழகிய நிறம், அவ்வளவே.

பிற நாட்டார் வேறு வழி கண்டனர். கனடாவின் கியூபெக் மாநிலம் 1978இற் சட்டம் இயற்றி, 1980 முதல் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரத்தை முற்றாகத் தடுத்தது. விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்று பேச்சுச் சுதந்திரத்தின் பெயரால் வழக்காடியது. 1989இற் கனடா உயர் நீதிமன்றம் மூவர்க்கு இருவர் என்ற நிலையிற் சட்டமே செல்லும் எனத் தீர்த்தது. சுவீடனும் 1990களின் தொடக்கத்திலேயே 12 வயதுக்குட்பட்டோரை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடை செய்தது. ஐக்கிய அமெரிக்காவிலோ, 1978இல் வணிக ஆணைக்குழுவின் அலுவலர் இத்தகைய தடையை முன்மொழிந்தபோது ஒரு பெரிய நாளிதழே அவ்வாணைக்குழுவைச் செவிலித்தாய் என்று எள்ளி நகையாடியது. பேரவை 1980இல் அதன் அதிகாரத்தைக் குறைத்தது. 1981இல் முயற்சி கைவிடப்பட்டது. செவிலித்தாயை இகழ்ச்சிப் பெயராக வழங்கும் வழக்கம் தமிழிலக்கியம் பயின்றோர்க்கு வியப்பளிக்கும்.

கியூபெக்கின் வரலாற்றில் நமக்கு மிக நெருங்கிய பகுதி ஒன்றுண்டு. தடை வந்தபின் கோல்ட்பர்க் என்னும் ஆய்வாளர் மொன்றியல் நகரத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டு 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிரெஞ்சு பேசும் பிள்ளைகள் உள்ளூர் ஒளிபரப்பையே கண்டனர். ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்க ஒளிபரப்பையும் கண்டனர். அதற்குக் கியூபெக்கின் சட்டம் செல்லாது. விளைவு, அமெரிக்க ஒளிபரப்பை மிகுதியாகக் கண்ட பிள்ளைகளின் வீடுகளில் விளம்பரத்திற் கண்ட இனிப்புத் தானிய உணவுகள் மிகுதியாக இருந்தன. சட்டம் நின்ற இடத்தில் மொழி நிற்கவில்லை. மொழி எங்கே போயிற்றோ அங்கே விளம்பரமும் போயிற்று.

அம்மொன்றியற் பிள்ளையின் இடத்தில் அட்டன் பிள்ளையை வைத்துப் பாருங்கள். கொழும்பிலே நாளை மிகக் கடுமையான சட்டம் ஒன்று வந்தாலும், சிங்களத் தொலைக்காட்சி காணும் பிள்ளைக்கே அது முழுக் காப்பாகும். சென்னை ஒளிபரப்பைக் காணும் மலையகத் தமிழ்ப் பிள்ளைக்கு அது பாதிக் காப்புத்தான். ஆகவே இந்தியாவின் விதிகளையும் நாம் கவனித்தல் வேண்டும். அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு பொருள் அறிவையோ உடல்வலிமையையோ பெருக்கும் எனத் தக்க சான்றின்றிப் பிள்ளைகளுக்குக் கூறுதலை விலக்குகின்றன. சிறுவர்க்குரிய அலைவரிசைகளில் நொறுக்குத் தீனி விளம்பரங்களையும் விலக்குகின்றன. நன்று. எனினும் இலங்கையிலுள்ள ஒரு தாய் முறையிட விரும்பினால் எங்கே எழுதுவாள்?

எதிர்த்தரப்பார் கூற்றில் ஒன்றை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். விளம்பர வருவாய் நின்றாற் சிறுவர் நிகழ்ச்சியும் நின்றுவிடும் என்கிறார்கள். பிரித்தானியா 2007இல் உணவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்திய காலத்தையொட்டி, வணிக ஒளிபரப்பு நிலையங்கள் சிறுவர் நிகழ்ச்சித் தயாரிப்பை வெகுவாகக் குறைத்தன. அத்தடை ஒன்றே அதற்குக் காரணமன்று என்றாலும் உண்மை உண்மையே. ஆங்கிலத்துக்கே அந்நிலையென்றால், இலங்கைத் தமிழ்ச் சிறுவர்க்கென ஆக்கப்படும் சொற்ப நிகழ்ச்சிகள் என்னாகும்? என் கருத்து இது: சிறுவர் நேரத்திலே சிறுவரை விளித்துப் பேசும் விளம்பரம் வேண்டாம்; இரவுச் செய்தி நேரத்திற் பெற்றோரை விளித்து அதே பொருளை விற்கட்டும். அவ்வருவாயில் ஒரு பகுதியைச் சிறுவர் நிகழ்ச்சிக்கென்று ஒதுக்குமாறு உரிமம் வழங்கும்போதே நிபந்தனை விதிக்கலாம்.

தமிழாசிரியன் என்ற முறையில் இன்னொன்று. சிங்களத்தில் எழுதித் தமிழில் உதடசைவுக்கேற்பப் பொருத்தப்படும் விளம்பரங்களிற் பல, எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று அறியாத தமிழில் உள்ளன. பேசத் தொடங்கும் பிள்ளை நாளுக்குப் பலமுறை கேட்கும் தமிழ் அதுவே. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை இன்றிருந்தால், லயங்களிற் குழந்தைகள் வாயிலிருந்து முதலில் எதைக் கேட்டு எழுதியிருப்பாரோ!

சட்டம் வரும்வரை ஆசிரியர் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பிலே சாமம், பேதம், தானம், தண்டம் நான்கையும் எளிய கதைகளால் விளக்கிவிட்டு, முந்திய நாள் மாலை கண்ட விளம்பரங்களை அவற்றுள் அடக்கிக் காட்டுமாறு பிள்ளைகளைக் கேட்டேன். பத்து நிமிடத்திற் கரும்பலகை நிறைந்தது. ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுந்து, தண்டத்தின் கீழ் எழுதிய ஒன்றை அழித்துத் தானத்தின் கீழ் எழுதவேண்டும் என்று வாதாடினாள். இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொம்மை, பத்துப் பொதியுறை சேர்த்தவர்க்கே கிடைக்குமாம். அப்படியானால் அது தானமா என்று பின்வாங்கிலிருந்து இன்னொருவன் கேட்டான். மணியடித்த பின்னும் வழக்கு முடியவில்லை.