வகுப்பறையில் தன்னையறியாப் பட்சபாதம்

"நான் எந்தப் பிள்ளையையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை" என்று கூறாத ஆசிரியரைக் காண்பது அரிது. இக்கூற்றைப் பொய்யென்று தள்ளிவிடுதல் முறையன்று. பெரும்பாலோர் அதை மெய்யாகவே நம்பிக் கூறுகின்றனர். ஆயினும் அவ்வாசிரியரின் வகுப்பில் ஒரு பாடவேளை பின்வரிசையில் அமர்ந்து, எவரிடம் வினா கேட்கப்படுகிறது, எவர் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார், எவர் வெறுமனே "ஏய், கடைசி பெஞ்சு" ஆகிறார் என்று குறித்துக்கொண்டே வந்தால், வேறொரு சித்திரம் புலப்படும். தீய எண்ணம் ஏதுமின்றியே செயற்படும் இச்சாய்வைத் தன்னையறியாப் பட்சபாதம் என்று அழைக்கலாம். அறிந்து செய்யும் பட்சபாதத்தைச் சட்டத்தால் தடுக்கலாம், கடிந்தும் உரைக்கலாம். தன்னையறியாததற்குக் கடிந்துரை பயன்படுவதில்லை, நல்லெண்ணமும் போதுவதில்லை. அப்படியாயின் ஆசிரியர் செய்யக்கூடியது யாது?

விடையை வகுப்பறைக்கு வெளியே, ஒரு சிற்றூரின் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கலாம். பூந்தமல்லிக்கு மேற்கே திருமழிசையை அடுத்துள்ளது குத்தம்பாக்கம். 1996-இல் அதன் ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரங்கசாமி இளங்கோ, தலித் குடும்பத்தில் பிறந்து வேதியியல் பொறியியல் பயின்றவர். தமிழக அரசு 1997-இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டம் இவ்வூருக்கு வந்தபோது வீடுகள் தனித்தனியே கட்டப்படவில்லை. இரட்டை வீடுகளாகக் கட்டப்பட்டன. ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சமூகத்துக் குடும்பம், இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர் என்பது ஏற்பாடு. ஊராரின் உள்ளம் மாறட்டும், பிறகு சேர்ந்து குடியேறலாம் என்று காத்திருந்தால் அச்சுவர் எழுந்தேயிராது. முதலில் சுவர் எழுந்தது. ஒரே கூரையின் கீழ்க் குழந்தைகள் விளையாடியதும், அடுப்புக்கு நெருப்பும் அவசரத்துக்கு அரிசியும் கேட்க வேண்டியிருந்ததும் அதன் பின்னர் வந்தவை. இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று எவரும் சொல்லார். எனினும் உள்ளத்தை நேரடியாகத் திருத்த முயலாமல், உள்ளம் செயற்படும் இடத்தைத் திருத்தியமைக்கும் இம்முறை வகுப்பறைக்கும் பொருந்துவது என்பதே என் கருத்து.

மேலிருந்து வரும் கட்டளை மட்டும் என்ன செய்யும் என்பதற்கு நம் சபை வரலாறே சான்று. கல்கத்தாவின் பேராயராயிருந்த தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கைவிடப்பட வேண்டுமென்று 1833-இல் சுற்றுமடல் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதனால் பெரும் கலக்கம் உண்டாயிற்று. பலர் சபையை விட்டு விலகினர். ஆராதனையில் எவர் எங்கே உட்காருவது என்பது அன்று முக்கியமான வழக்காயிருந்தது. யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பட்சபாதத்தைப் பற்றி எழுதும்போது, உட்காரும் இடத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வது தற்செயல் அன்று.

ஆய்வுகள் காட்டுவன

ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் தேர்ச்சியைப் பாதிக்கிறது என்பதற்கு ரோசந்தால், ஜேக்கப்சன் ஆகிய இருவர் 1968-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு அடிக்கடி எடுத்துக் கூறப்படும். குலுக்கல் முறையில் பொறுக்கிய சில பிள்ளைகளை விரைவில் மலரப்போகும் அறிவாளிகள் என்று ஆசிரியர்களிடம் கூறியதும், கீழ்வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவரினும் முன்னேறினர் என்பது அதன் முடிவு. பின்வந்த ஆய்வாளர் பலர் அம்முடிவின் அளவு மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. நமக்கு அதனினும் நெருக்கமானவை நம் நாட்டில் நடந்த இரு ஆய்வுகள்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மேல்சாதி, கீழ்சாதி எனப்பட்ட சிறுவர்களிடம் தாளில் வரைந்த புதிர்வழிகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் செய்தனர். சாதி வெளியிடப்படாதபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்தனர். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னும் படித்தபோது, கீழ்சாதிச் சிறுவர்களின் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு இறங்கிற்று. எவரும் அவர்களை இகழவில்லை, அடிக்கவில்லை, வாசித்ததோடு சரி. "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள், உதவித்தொகைப் படிவம் வந்திருக்கிறது" என்று வகுப்பு நடுவே அறிவிக்கும் ஆசிரியர் உதவிசெய்வதாகவே எண்ணுகிறார். அடுத்த பாடவேளை கணிதத் தேர்வாயிருந்தால் அவர் செய்தது யாதென்று எண்ணிப் பார்க்கலாம்.

மற்றது 2012-இல் ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் வெளியிட்டது. விடைத்தாள்களின் முகப்பில் சாதி, பால், வயது ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். கீழ்சாதி என்று எழுதப்பட்ட தாள்கள் சிறிதளவு குறைந்த மதிப்பெண் பெற்றன. வேற்றுமை சிறிதுதான். ஆனால் வியப்பு வேறிடத்தில் இருக்கிறது: அக்குறைவுக்குக் காரணராயிருந்தவர் பெரும்பாலும் கீழ்சாதி எனப்பட்ட ஆசிரியர்களே. மேலும், திருத்தத் தொடங்கிய முதற்சில தாள்களிலேயே சாய்வு மிகுதியாயிருந்தது. அளவுகோல் இன்னும் உறுதிப்படாத அந்நேரத்தில் தாளின் முகப்பு அளவுகோலாகிவிடுகிறது. "நானும் ஒடுக்கப்பட்டோரில் ஒருவன், என்னிடம் இது இராது" என்ற நம்பிக்கைக்கு இவ்வாய்வு இடந்தரவில்லை.

பேச்சும் பெயரும்

நம் புறநகர்ப் பகுதிகளில் ஒரு வகுப்பறை எத்தகையது என்பதை நோக்குவோம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளியில் உட்கார்ந்திருக்கின்றனர். திருவள்ளூர் மாவட்டத்தின் இருளர் பிள்ளைகள், செங்கற்சூளைக்குப் பெற்றோர் செல்லும் பருவத்தில் பள்ளிக்கு வருவதில்லை. வருகைப்பதிவேட்டில் அது "படிப்பில் அக்கறையில்லை" என்று பொருள்படுகிறது. "வூட்ல" என்று ஒரு பிள்ளை சொன்னால் ஆசிரியர் சிரித்துத் திருத்துகிறார். வகுப்பும் உடன் சிரிக்கிறது. "ஆத்துல" என்று வேறொரு பிள்ளை சொன்னால் எவரும் சிரிப்பதில்லை. இரண்டும் 'வீட்டில்' என்பதன் பேச்சு வடிவங்களே. எழுத்துத் தமிழுக்கு இரண்டும் சம தூரத்தில் உள்ளன. சிரிப்பு மொழியிலிருந்து பிறக்கவில்லை. திருத்த வேண்டுமானால், "நாம் எழுதும்போது வீட்டில் என்று எழுதுவோம்" என்று வகுப்பு முழுவதற்கும் ஒருமுறை கூறிவிட்டால் போதும்.

'காலனிப் பையன்' என்ற சொல்லும் அத்தகையதே. தலித் மக்களின் குடியிருப்பைக் குறிக்கும் இழிவழக்காகிவிட்டதால், 'காலனி' என்னும் சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பதிவேட்டிலிருந்து நீங்குவது எளிது. ஆசிரியர் அறைப் பேச்சிலிருந்து நீங்க நாளாகும்.

செய்யத்தக்கவை

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன்பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அறிக்கையில், வருகைப்பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது, ஆசிரியர் சாதியைச் சுட்டி மாணவரை அழைத்தலாகாது, அகர வரிசைப்படி இருக்கை அமைய வேண்டும் என்பன போன்ற பரிந்துரைகள் உள்ளன. இவை குத்தம்பாக்கத்துச் சுவரைப் போன்றவை. எவர் உள்ளத்தையும் சோதிக்காமல் ஏற்பாட்டை மாற்றுபவை. நம் பள்ளிகள் நாளையே இவற்றைத் தொடங்கலாம்.

விடைத்தாள் திருத்துவதில் இன்னும் எளிய வழி உண்டு. பொதுத்தேர்வில் திருத்துபவருக்கு மாணவர் பெயர் தெரிவதில்லை. வகுப்புத் தேர்வில் மட்டும் ஏன் தெரிய வேண்டும்? பெயரைத் தாளின் பின்புறம் எழுதச் செய்யலாம். கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்பர். உண்மைதான், ஆயினும் பாதி மறைந்தாலும் நன்மையே. திருத்துமுன் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு தாளை முழுதும் திருத்திவிட்டு அடுத்ததை எடுப்பதினும், எல்லாத் தாள்களிலும் முதல் வினாவை முடித்து, பின் இரண்டாவதற்கு வருதல் நன்று. கடைசியில் முதல் ஐந்து தாள்களை மீண்டும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன ஆய்வு கூறும் சாய்வு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வினாக் கேட்பதில் ஒரு நுட்பம் உண்டு. வினாக் கேட்டபின் ஆசிரியர் பெரும்பாலும் ஒரு நொடியே காத்திருக்கிறார் என்று 1970-களில் மேரி பட் ரோ என்னும் அறிவியல் கல்வியாளர் அளந்து காட்டினார். கெட்டிக்காரர் என்று கருதும் பிள்ளைக்குச் சற்று அதிகமாகவும், மந்தமெனக் கருதும் பிள்ளைக்குக் குறைவாகவும் காத்திருப்பதைக் கண்டார். மூன்று நொடி காத்திருந்தபோது, பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினர். ஆகவே பெயர்களைச் சீட்டில் எழுதி டப்பாவிலிட்டு எடுத்துக் கேட்பதும், மனத்துள் மூன்றுவரை எண்ணுவதும் கைக்கொள்ளத்தக்கவை. சீட்டு விழுந்த பிள்ளைக்கு விடை தெரியாதபோது உடனே வேறொருவரிடம் தாவாமல், வினாவைச் சிறிதாக்கி அப்பிள்ளையிடமே மீண்டும் கேட்க வேண்டும்.

யார் பெருக்குவது, யார் குடிநீர் கொண்டுவருவது, யார் தலைமையாசிரியர் அறைக்குத் தாள் எடுத்துச் செல்வது என்பதற்கும் முறைப்பட்டியல் தேவை. பெண் பிள்ளைகள் கையில் துடைப்பமும், ஆண் பிள்ளைகள் கையில் மைக்கும் தாமாகவே வந்து சேர்வதில்லை.

"எனக்கு எந்தப் பிள்ளையின் சாதியும் தெரியாது" என்று கூறி இதையெல்லாம் தேவையற்றதென்பார் உளர். ஊரில் அது கூடுவதில்லை. தெருப்பெயர் கூறும், தகப்பன் தொழில் கூறும், மதிய உணவுப் பாத்திரமே கூறும். தெரியாததாகப் பாவிக்கும் ஆசிரியர், பின்தங்கியவர் எவர் என்று பார்க்கும் பொறுப்பையும் சேர்த்தே கைவிடுகிறார். வகுப்பில் அறிவிக்கத்தகாதது சாதி. ஆனால் இம்மாதம் ஒருமுறையேனும் வாய் திறவாத பிள்ளைகள் எவர், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றனர் என்று தனிமையில் கணக்கிட்டுப் பார்ப்பது ஆசிரியரின் கடமை.

அக்கணக்கைப் பற்றித் தாளாளராக இருக்கும் ஆயர்களுக்கு ஒரு வார்த்தை. உடனாசிரியர் ஒருவரை மாதம் ஒருமுறை வகுப்பில் உட்காரவைத்து, எவரிடம் எத்தனை வினா என்று கோடிட்டுக் குறிக்கச் செய்யும்படி ஆசிரியர்களை ஊக்குவியுங்கள். ஆனால் அந்தக் குறிப்பேட்டை அலுவலகத்துக்குக் கேட்காதீர்கள். அது ஆசிரியரின் கையிலேயே இருக்கட்டும். ஆய்வாளர் பார்வைக்கு வைக்கப்படும் ஏடாக அது மாறிய அன்றே, எல்லாப் பிள்ளைக்கும் நேரே ஒரே எண்ணிக்கையில் கோடுகள் விழத் தொடங்கிவிடும்.