மாவு வண்டும் மளிகைக் கடையும்

"நேற்று வாங்கிய ரவையில் வண்டு" என்று வாடிக்கையாளர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டு வந்தால், பணத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம். ஆனால் அவர் தெருவில் நாலு பேரிடம் சொல்வதைத் தடுக்க முடியாது. கிலோவுக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம். அதனால் போகும் வாடிக்கையோ பல ஆண்டுகளாகச் சேர்த்தது. ஆகவே மாவுச் சரக்கு விற்கும் அங்கத்தினர்கள் இந்த வண்டைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

எது மாவு வண்டு?

மைதா, ஆட்டா, ரவை, சேமியா, கடலை மாவு ஆகியவற்றில் ஊரும் செம்பழுப்பு நிற வண்டுதான் இது. நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். விஞ்ஞானப் பெயர் டிரைபோலியம் கேஸ்டேனியம். அரிசியைத் துளைக்கும் மூக்கு வண்டு வேறு, இது வேறு. முழுத் தானியத்தைத் துளைக்கும் சக்தி மாவு வண்டுக்கு இல்லை. நொய், தவிடு, மாவு, மற்ற பூச்சிகள் துளைத்துக் கொட்டிய தூள் ஆகியவையே இதன் ஆகாரம். தூசும் தூளும் இருக்கும் இடமே இதன் வீடு.

ஒரு மாதக் கணக்கு

பெண் வண்டு தன் ஆயுளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். முட்டையின் மேல் பசை இருப்பதால் மாவு ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். நம் கடைகளில் ஆண்டின் பெரும்பகுதி இந்த வெப்பம்தான். வளர்ந்த வண்டு ஓராண்டுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது.

ஆகவே கொள்முதல் செய்த அன்று சுத்தமாகத் தெரிந்த மூட்டை, ஒரு மாதம் தேங்கினால் வண்டு மூட்டையாகிவிடலாம். வாரம் ஒரு மூட்டை மைதா விற்கும் கடைக்காரர், விலை குறைவு என்று பத்து மூட்டை இறக்கினால் கடைசி மூட்டை பிரிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது, கழிவில் போய்விடும். மாவுச் சரக்கை மூன்று வாரத்தில் விற்றுத் தீரும் அளவுக்கு மட்டும் எடுப்பதே கணக்குக்குச் சரி.

எங்கிருந்து வருகிறது?

"மாவில் தானாக உண்டாகிறது" என்பது தவறான நம்பிக்கை. ஆலை இயந்திரத்தின் இடுக்கு, லாரித் தளம், பழைய சாக்கு, நம் அலமாரிப் பலகையின் சந்து ஆகிய இடங்களில் தங்கிய மாவிலிருந்துதான் புதுச் சரக்குக்குத் தாவுகிறது. இதற்குப் பறக்கவும் தெரியும். உறையைக் கடித்துத் துளைப்பதில் இது கெட்டிக்காரன் அல்ல. சாக்கின் தையல் துளை, காகித மடிப்பு, பின் அடித்த வாய் ஆகியவற்றின் வழியாக நுழைந்துவிடும்.

வண்டு மிகுந்தால் அது சுரக்கும் குயினோன் என்ற பொருளால் மாவில் நெடி ஏறும். இளஞ்சிவப்பு நிறமும் தட்டும். அப்படிப்பட்ட மாவைச் சலித்து வண்டை எடுத்தாலும் நெடி போகாது, விற்பனைக்கு ஆகாது.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. முன்னே வந்த சரக்கை முன்னே விற்க வேண்டும். மூட்டை மீது வந்த தேதியை எழுதுக.

2. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அட்டி போடுக.

3. டின்னில் அடியில் கொஞ்சம் மாவு இருக்கப் புது மாவைக் கொட்டாதீர். காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்த பின்பே நிரப்புக.

4. வாரம் ஒரு நாள் அலமாரிச் சந்து, தராசின் அடி, சல்லடை ஆகியவற்றைச் சுத்தம் செய்க. கூட்டிய தூசைக் கடை ஓரத்தில் குவிக்காமல் அப்புறப்படுத்துக.

5. சில்லரையாகப் போடும் பொட்டலத்துக்குப் பின் அடிப்பதை விட்டு, சூட்டில் ஒட்டும் சீலிங் இயந்திரத்தைப் பயன்படுத்துக.

6. திரும்பி வந்த பொட்டலத்தைக் கடைக்குள் வைக்கவே கூடாது. "கம்பெனி ஆள் வந்ததும் கொடுக்கலாம்" என்று மூலையில் போட்ட ஒரு பொட்டலமே மற்ற சரக்குக்கு விதை. மூடி இறுகிய டின்னில் தனியே வைக்கவும்.

தானிய மூட்டை வைத்திருக்கும் மொத்த வியாபாரிகளுக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி உதவும். தானியத்துக்குள் செருகினால் பூச்சிகள் அதில் விழும், ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

மருந்து பற்றி எச்சரிக்கை

மாவின் மீதோ மூட்டையின் மீதோ பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கடைக்காரர் தாமே வைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். மாடியில் குடியிருப்பவர்களையும் அது விடாது. புகைமூட்டம் தேவைப்பட்டால் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களையே அழைக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, புழு, வண்டு, பூச்சி பிடித்த உணவு பாதுகாப்பற்ற உணவாகும். சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாத விற்பனையாளரே பொறுப்பேற்க நேரும். சுகாதாரமின்றி வைத்திருந்தாலும் அப்படியே. எனவே பில் இல்லாத சரக்கை வாங்காதீர், பில்லைப் பத்திரப்படுத்துக.

வாடிக்கையாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நல்லது. ரவையை வறுத்து, ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடச் சொல்லுங்கள். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். அன்று விற்பனை கால் கிலோ குறையலாம். அடுத்த மாதம் அவர் நம் கடைக்கே வருவார்.