மண்ணுக்குள் ஓர் உலகம் – 11: எந்த நிலத்துக்கு எந்த நுண்ணுயிர்?

சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில், பயிரின் வேரோடு கூடி வாழும் ஒரே வேர் உட்பூசணத்தை இட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. ஜூரிச், பாசல் பல்கலைக்கழகங்களும் அந்நாட்டின் வேளாண் ஆராய்ச்சி நிலையமான அக்ரோஸ்கோப்பும் அதில் பங்கெடுத்தன. பூசணம் ஒன்றுதான், பயிரும் ஒன்றுதான். ஆனால் ஒரு வயலில் பயிரின் வளர்ச்சி 40 சதவீதம் கூடியது, இன்னொரு வயலில் 12 சதவீதம் குறைந்தது. உயிர் உரத்தை நம்புகிறவர் முதல் எண்ணைப் பிடித்துக்கொள்வார், நம்பாதவர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்வார். இந்த இரண்டு எண்களும் ஒரே ஆய்வில் எப்படி வந்தன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்கத் தொடங்கினால், ‘மக்காச்சோளத்துக்கு இந்த நுண்ணுயிர்’ என்று பயிரின் பெயரால் பரிந்துரை எழுதும் வழக்கமே பிழை என்று தெரியவரும். பரிந்துரை நிலத்தைப் பார்த்து எழுதப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்கான பரிந்துரை பலருக்கும் மனப்பாடம். எக்டருக்குத் தேவையான விதையை மூன்று பொட்டலம் அசோஸ்பைரில்லம் பாக்டீரியாவோடு ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். மேலும் பத்துப் பொட்டலங்களைத் தொழு உரத்தோடு கலந்து வயலில் இட வேண்டும். பொட்டலக் கணக்கு யூரியா மூட்டைக் கணக்கைப் போலவே இருப்பதால், இதுவும் ஓர் உரம், போட்டால் போட்ட அளவுக்குப் பலன் தரும் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தூள் வடிவ அசோஸ்பைரில்லத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். 200 கிராம் பொட்டலத்தில் 1,000 கோடி. வயலில் இடும் பத்துப் பொட்டலம் ஏக்கருக்கு நான்கு என்றால் 4,000 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு கிராம் மண்ணிலேயே பத்துக் கோடிக்குக் குறையாமல் பாக்டீரியா வாழ்வது சாதாரணம், ஓர் ஏக்கரின் மேல்மண்ணோ ஏறக்குறைய ஒன்பது இலட்சம் கிலோ. நாம் தூவும் கூட்டத்தைப்போலப் பல இலட்சம் மடங்கு அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் புதிதாக நுழையும் பாக்டீரியா, வேருக்கு அருகில் இடம் பிடித்தால்தான் பிழைக்கும். மண்ணில் தூவுவதைவிட விதை நேர்த்தி மேலானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, இடம் பிடித்த பாக்டீரியா என்ன செய்கிறது? பொட்டலத்தின் மேல் ‘தழைச்சத்தை நிலைநிறுத்தும்’ என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு எடுத்துத் தரும் என்று பொருள். இந்த நம்பிக்கையின் வரலாறு நீளமானது. டச்சு அறிஞர் பையரிங்க் இந்த பாக்டீரியாவை 1925-ல் வேறு பெயரில் விவரித்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டு அது பெரிய கவனம் பெறவில்லை. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ அருகே செரோபெதிகாவில் பணியாற்றிய ஜோஹன்னா டோபரைனர்தான் 1970-களில் அதைப் புல்வகைப் பயிர்களின் வேரில் தேடிக் கண்டு, உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தார். மக்காச்சோள வேரில் தழைச்சத்து நிலைநிறுத்தம் நடக்கிறது என்று அவரும் சக ஆய்வாளரும் எழுதிய கட்டுரை 1975-ல் வெளிவந்தது. அசோஸ்பைரில்லம் என்ற பெயர் 1978-ல் சூட்டப்பட்டது. பயறுவகைப் பயிர்களுக்கு ரைசோபியம் இருப்பதைப்போல மக்காச்சோளத்துக்கும் ஒரு துணை கிடைத்துவிட்டது என்ற உற்சாகம் உலகெங்கும் பரவியது.

அந்த உற்சாகத்தைப் பின்னால் வந்த அளவீடுகள் குறைத்தன. வேரை வெட்டி எடுத்துச் சோதித்த தொடக்கக்கால முறைகள் அளவை மிகைப்படுத்திக் காட்டின என்று தெரிந்தது. இதற்கு அடிப்படையான காரணம் ஆற்றல். காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றை உடைக்க பாக்டீரியா ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறுகளில் குறைந்தது 16-ஐச் செலவிட வேண்டும். அவரை, துவரை, நிலக்கடலை போன்ற பயிர்கள் தம் வேரில் முடிச்சுக் கட்டி, உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரையை நேராக ஊட்டுகின்றன. மக்காச்சோள வேரில் முடிச்சு இல்லை. வேரிலிருந்து கசியும் சொற்பச் சர்க்கரைக்கு அங்கிருக்கும் எல்லா நுண்ணுயிரும் போட்டி போடுகின்றன. அந்த வருமானத்தில் அசோஸ்பைரில்லம் தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தேடிக்கொள்ளும், பயிருக்கு மூட்டை மூட்டையாகக் கொடுக்க அதற்கு வழியில்லை. ஆனாலும் பல வயல்களில் பயிர் நன்றாக வளர்ந்ததே, அது எப்படி? இந்த பாக்டீரியா இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. அதனால் பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. பெருகிய வேர், மண்ணில் இருக்கும் நீரையும் உரத்தையும் கூடுதலாக உறிஞ்சுகிறது. ஆக, பலனில் பெரும்பங்கு காற்றிலிருந்து வரவில்லை, மண்ணில் ஏற்கெனவே இருப்பதை எடுக்கும் திறனிலிருந்து வருகிறது.

இந்த வேறுபாடு வயலில் பெரிய விளைவை உண்டாக்கும். எடுக்க ஏதாவது இருக்கும் மண்ணில்தான் பெருகிய வேரால் பயன். உரமே இல்லாத மண்ணில் அது வெறுங்கையோடு திரும்பும், உரம் கொட்டிக் கிடக்கும் மண்ணில் அதற்கு வேலையே இல்லை. இஸ்ரேலின் ஓகோனும் உருகுவேயின் லபாந்தெராவும் 20 ஆண்டுக்கால வயல்வெளிச் சோதனைகளைத் தொகுத்து 1994-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், 60 முதல் 70 சதவீதச் சோதனைகள் வெற்றி பெற்றன, விளைச்சல் 5 முதல் 30 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். மற்றச் சோதனைகளில் பலன் இல்லை. உர அளவு மிதமாக இருந்த இடங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. பிரேசில் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டது. 2025-க்கான உலக உணவுப் பரிசு பெற்ற மரியாஞ்செலா ஹுங்ரியாவும் அவருடைய குழுவும் தங்கள் மண்ணுக்கு ஏற்ற வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவை 2009 முதல் அங்கே விற்பனையில் உள்ளன. மக்காச்சோளத்துக்கு அவர்கள் சொல்வது, மேலுரமாக இடும் நைட்ரஜனில் கால் பங்கைக் குறைக்கலாம் என்பதே. யூரியாவே வேண்டாம் என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. இந்தக் கால் பங்கு எனக்குப் பெரிய சாதனையாகவே படுகிறது, ஏனென்றால் வயலில் அளந்து சொன்ன எண் அது.

வேர் உட்பூசணத்தின் கதையும் இதே வழியில்தான் போகிறது. மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாக நகரும், வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பது தீர்ந்ததும் பயிர் பட்டினி கிடக்கும். பூசண இழைகள் அந்த எல்லையைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் பரவி மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவரும். மக்காச்சோளம் இந்த உதவியை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை அமெரிக்க விவசாயிகள் 1993 வெள்ளத்துக்குப் பிறகு கண்ணால் கண்டார்கள். வெள்ளத்தில் மூழ்கி ஒரு பருவம் பயிரில்லாமல் கிடந்த நிலங்களில் அடுத்த ஆண்டு விதைத்த மக்காச்சோளம் ஊதா நிறத்தில் குன்றி நின்றது. வாழ வேர் இல்லாததால் பூசணம் மண்ணில் அருகிப்போயிருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீண்ட காலம் தரிசாகப் போட்ட நிலங்களிலும் இதே கதை. கடுகுக் குடும்பப் பயிர்கள் இந்தப் பூசணத்தோடு உறவு வைத்துக்கொள்வதில்லை, அவற்றை அறுத்த நிலத்தில் அடுத்து வரும் மக்காச்சோளமும் தடுமாறும். இத்தகைய நிலங்களில் பூசணத்தை இட்டால் பலன் கிடைக்க நியாயம் உண்டு. தொடர்ந்து சோளம், கம்பு, பயறு என்று பயிர் நின்ற நிலத்தில் பூசணம் ஏற்கெனவே இருக்கும். அங்கே காசு கொடுத்து வாங்கிப் போடுவது வீண்.

சுவிட்சர்லாந்து ஆய்வு இதற்கும் மேலே ஒன்றைக் காட்டியது. எந்த வயலில் பூசணம் பலன் தரும் என்பதை மணிச்சத்து அளவைவிட, மண்ணில் நோய் உண்டாக்கும் பூசணங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதே நன்றாக முன்னறிவித்தது. நோய்ப் பூசணம் மிகுந்த வயல்களில்தான் இட்ட பூசணம் பெரும்பலன் தந்தது. சத்து கொண்டுவரும் என்று நினைத்து இட்டது, வேருக்குக் காவலாக நின்றிருக்கிறது. அசோஸ்பைரில்லத்திலும் இதைத்தான் பார்த்தோம், பொட்டலத்தில் எழுதிய வேலை ஒன்று, வயலில் நடந்த வேலை வேறு. நிலத்தின் குறை என்னவென்று தெரியாமல் நுண்ணுயிரைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான் தோற்கிறது.

காற்றிலிருந்தே தழைச்சத்து எடுக்கும் மக்காச்சோளம் உலகில் இல்லாமலில்லை. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்து சியெரா மிஹே மலைகளில் மிஹே மக்கள் வழிவழியாகப் பயிரிட்டுவரும் ஒரு வகை, தரைக்கு மேலே தண்டில் விடும் தடித்த வேர்களிலிருந்து சர்க்கரை நிறைந்த பசையைச் சொட்டுகிறது. அந்தப் பசைக்குள் வாழும் பாக்டீரியா பயிரின் நைட்ரஜன் தேவையில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றிலிருந்து தருவதாக 2018-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். செடி தாராளமாக உணவு கொடுத்தால் பாக்டீரியாவும் தாராளமாகக் கொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அது ஈரம் மிகுந்த மலைநிலத்தில் மெதுவாக விளையும் வகை. பெரம்பலூர் கரிசலில் மானாவாரியாகப் போடும் வீரிய ஒட்டு ரகத்திடம் அந்தப் பசை இல்லை. பாக்டீரியாவை மட்டும் கொண்டுவந்தால் அந்தப் பலனும் கூடவே வந்துவிடாது.

எதிர்ப்பக்கத்தின் வலுவான சான்றையும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் கடையில் கிடைக்கும் நைட்ரஜன் நுண்ணுயிர்த் தயாரிப்புகளைப் பத்து மாநிலங்களில் சோதித்து, வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட தொகுப்பில், 61 சோதனைகளில் இரண்டில் மட்டுமே விளைச்சல் கூடியிருந்தது. அப்படியானால் உயிர் உரத்தைக் கைவிட்டுவிடலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அங்கே பல நிலங்கள் அங்ககக் கரிமம் செழித்த கருமண், நைட்ரஜனைப் பெருமளவில் தாமே விடுவிப்பவை. தமிழ்நாட்டில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்தைத் தொடாத நிலங்கள் ஏராளம். அமெரிக்க முடிவை அப்படியே இங்கே கொண்டுவருவதும், பிரேசில் முடிவை அப்படியே கொண்டுவருவதும் ஒரே தவறுதான். ‘விலை குறைவு, போட்டால் கெடுதல் என்ன?’ என்ற இன்னொரு வாதமும் அடிக்கடி வருகிறது. பொட்டலத்தின் விலை சிறியதுதான். அதை நம்பி மேலுரத்தைக் குறைத்து, பலன் வராமல் போனால் ஏற்படும் மகசூல் இழப்பு சிறியதல்ல. இரண்டு முறை ஏமாந்த விவசாயி, உண்மையிலேயே பலன் தரக்கூடிய நிலத்திலும் மூன்றாம் முறை அதைத் தொட மாட்டார்.

மண்ணிலுள்ள பூசணங்களை அறிய நிலத்துக்கு நிலம் மரபணுச் சோதனை செய்ய நம் விவசாயிக்கு வசதி ஏது என்று கேட்கலாம். அது தேவையே இல்லை. மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்தும் அங்ககக் கரிமமும் இருக்கின்றன. முந்திய பயிர் எது, எத்தனை காலம் தரிசாகக் கிடந்தது, வேரழுகல் வந்ததா என்பது உழுதவருக்குத் தெரியும். மணிச்சத்து மிகுதி என்று அட்டை சொல்லி, வேரழுகலும் வந்ததில்லை என்றால் வேர் உட்பூசணத்துக்குச் செலவழிக்க வேண்டாம். அடுத்தது பொட்டலம். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் வாங்கக் கூடாது, பூசணக்கொல்லி கலந்த விதையில் ஒரு நாள் இடைவெளி விட்டுத்தான் பாக்டீரியாவைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயலின் நடுவே சில வரிசைகளை நுண்ணுயிர் இடாமல் விட வேண்டும். அறுவடையில் அந்த வரிசைகளின் கதிரையும் பக்கத்து வரிசைகளின் கதிரையும் தனித்தனியாக எடை போட்டால் போதும். ஒரு வட்டாரத்தில் ஐம்பது விவசாயிகள் மூன்று பருவம் இப்படி எடை போட்டு, அந்த எண்களை மண் அட்டையோடு சேர்த்து வேளாண் அலுவலகத்தில் பதிந்துவைத்தால், சுவிட்சர்லாந்தில் 54 வயல்களில் கிடைத்ததற்கு நிகரான தகவல் அந்த வட்டாரத்துக்கே சொந்தமாக இருக்கும். பரிந்துரைப் புத்தகத்தில் மக்காச்சோளம் என்ற ஒற்றைத் தலைப்புக்குக் கீழே கரிசலுக்கு ஒன்று, செம்மண்ணுக்கு ஒன்று, தரிசு கிடந்த நிலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதவும் அப்போது வழி பிறக்கும்.

(தொடரும்)