உங்களுக்குத் தெரியுமா? விதைக்கிறவளின் கதை

✦ தண்ணீர் பெட்ரோலைவிட விலை அதிகம். மழை என்றைக்கோ ஒரு நாள்தான். ஓரளவு வசதி உள்ளவர்கள் தெருவைச் சுற்றி மதில் எழுப்பி உள்ளே குடியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வெளியே சாலைதான் வீடு. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1993இல் வெளியிட்ட ‘பேரபிள் ஆஃப் தி சோயர்’ நாவலின் கலிபோர்னியா இது. கதை தொடங்கும் நாள்: 2024 ஜூலை 20. அதைத் தாண்டி நாம் வந்தாயிற்று.

✦ கதாநாயகி லாரன் ஒலமினாவின் நாட்குறிப்பில் 2025 பிப்ரவரி 1 அன்று ஊருக்குள் தீப்பிடித்த செய்தி வருகிறது. நிஜத்தில், அதே ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஆல்டடீனா காட்டுத்தீயில் கருகியது. பட்லரின் கல்லறை இருப்பதும் ஆல்டடீனாவில்தான்.

✦ உடனே ‘தீர்க்கதரிசி’ என்று கும்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். பட்லருக்கு அந்தப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. பிரச்சினைகள் எதையும் நான் கற்பனை செய்யவில்லை, இன்று நாம் கண்டுகொள்ளாமல் விட்டவற்றுக்கு முப்பது வருஷம் வளர அவகாசம் கொடுத்தேன், அவ்வளவுதான் என்று 2000இல் ஒரு கட்டுரையில் எழுதினார். வானத்தைப் பார்த்துச் சொன்ன ஆரூடம் என்றால் நமக்குப் பொறுப்பில்லை. செய்தித்தாளைப் படித்துப் போட்ட கணக்கு என்றால் உண்டு.

✦ லாரனின் அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். மகளோ அப்பாவுக்குத் தெரியாமல் சொந்தமாக ஒரு மதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். பெயர் எர்த்சீட். அதில் கடவுள் என்றால் மாற்றம். அந்தக் கடவுள் யாருக்கும் இரங்க மாட்டார். ஆனால் மனிதர்கள் அவரை ஓரளவு வளைக்கலாம். மண்டியிட்டுக் காத்திருக்க இந்த மதத்தில் இடமில்லை. அதனால்தான் லாரன் தியானத்தில் உட்காராமல், உண்ணத்தக்க காட்டுச் செடிகளைப் பற்றிப் படிக்கிறாள். ஓடவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு மூட்டை கட்டி வைக்கிறாள். மதில் உடைந்து குடும்பம் அழிந்த பிறகு, ஆண் வேடத்தில் வடக்கு நோக்கி நடக்கிறாள். அடுத்தவர் வலியைத் தன் உடம்பிலேயே உணரும் கோளாறு வேறு அவளுக்கு உண்டு. யாரையாவது அடித்தால் தானே அடி வாங்கியதுபோல வலிக்கும். ஆன்மிக நூல்கள் பல பக்கங்களில் போதிக்கும் கருணையை பட்லர் ஒரு நோயாகவே எழுதிவிட்டார்!

✦ இரண்டாம் பாகம் ‘பேரபிள் ஆஃப் தி டேலன்ட்ஸ்’, 1998. தலைப்பு இரண்டும் இயேசு சொன்ன உவமைகள்: விதைக்கிறவன், தாலந்துகள். இந்த நாவலில் ஆண்ட்ரூ ஸ்டீல் ஜாரெட் என்ற மதவெறிப் பிரசங்கி அதிபராகிறார். அமெரிக்காவை மறுபடி மகத்தான நாடாக்குவோம் என்பது அவர் கோஷம். இதையும் ஆரூடக் கணக்கில் சேர்க்கிறவர்கள் உண்டு. ஆனால் 1980லேயே ரொனால்ட் ரீகன் தேர்தலில் இதே மாதிரிக் கோஷம் போட்டாயிற்று.

✦ ஜாரெட்டின் ஆட்கள் லாரனின் எர்த்சீட் குடியிருப்பைப் பிடித்து அடிமை முகாமாக்குகிறார்கள்; கழுத்தில் வலியூட்டும் பட்டை, குழந்தைகள் பறிமுதல். லாரனின் கைக்குழந்தையும் போகிறது. தம்பியே ஜாரெட்டின் சபையில் போதகராகி, வளர்ந்துவிட்ட அக்கா மகளைக் கண்டுபிடித்தும் அக்காவிடம் மறைக்கிறான். அதைவிடச் சுருக்கென்று தைப்பது மகளின் குரல்தான். அம்மாவுக்கு என்னைவிட அவள் மதமே பெரிய பிள்ளை என்கிறாள். கெட்ட மதம், நல்ல மதம் என்று எளிதாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் நாவல் எப்போதோ பழசாகியிருக்கும். எனக்கு முதல் பாகத்தைவிட இது ஒரு படி மேல். 1999க்கான நெபுலா விருது இதற்குத்தான்.

✦ எர்த்சீடின் இறுதி லட்சியம் நட்சத்திரங்களுக்குக் குடிபோவது. அது நிறைவேறும்போது விண்கப்பலுக்கு வைக்கிற பெயர்: கிறிஸ்டோபர் கொலம்பஸ். லாரனுக்கே பிடிக்கவில்லை.

✦ பட்லரின் அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். மகள் பாத்திரம் கழுவினார், உருளைக்கிழங்கு சிப்ஸ் தரம் பார்த்தார், விடியாத இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். 1995இல் மெக்ஆர்தர் நிதிநல்கை பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆனார். ‘சோயர்’ நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியதோ 2020இல். அவர் இறந்து பதினான்கு வருஷம் கழித்து. மறு வருஷம் செவ்வாயில் பெர்செவரன்ஸ் ஊர்தி இறங்கிய இடத்துக்கு நாசா அவர் பெயரை வைத்தது.

✦ மூன்றாம் பாகம் ஒன்றும் திட்டத்தில் இருந்தது: ‘பேரபிள் ஆஃப் தி டிரிக்ஸ்டர்’. வேறு கிரகத்தில் குடியேறியவர்களின் பாடு. தொடங்கித் தொடங்கிக் கைவிட்ட வரைவுகள் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. உலக அழிவையே எழுதி அலுத்துப்போன பட்லர், சற்று ஜாலியாக இருக்கட்டும் என்று அடுத்து எழுதி 2005இல் வெளியிட்டது ரத்தக் காட்டேரி நாவல்!