வீட்டு ஜெல்லி மிட்டாய்: எதில் செய்தது என்று கேளுங்கள்

கண்ணாடி போல் மின்னும் ஜெல்லி மிட்டாயை வீட்டில் செய்து கடைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல சரக்குதான், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கை நீட்டுவது அந்தப் பாட்டிலைத்தான். ஆனால் வாங்கி அடுக்குமுன் நாம் ஒன்று கேட்டாக வேண்டும்: இறுகுவதற்கு எதைப் போட்டார்கள்?

ஜெலட்டின் என்றால் அது மாடு, பன்றி முதலியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. மென்றால் ரப்பர் போல் இழுக்கும். 35 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பாட்டில் முழுவதும் ஒரே கட்டியாகிவிடும். அது போகட்டும், சைவம் என்று நம்பி வாங்கியவர் திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

நம் மளிகையிலேயே இருக்கும் கடல்பாசியில் இந்தச் சங்கடம் இல்லை. இறுகியபின் 85 டிகிரி வரை இளகாது. 10 கிராம் பாசியை 400 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, முழுதும் கரையக் காய்ச்சி, 600 கிராம் சர்க்கரை சேர்த்து, கரண்டியில் நூல் விழும்போது இறக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு அதன் பிறகுதான். புளிப்போடு கொதித்தால் பாசி சரியாக இறுகாது. தட்டில் ஊற்றித் துண்டு போட்டு, நான்கைந்து நாள் நிழலில் உலர்த்தினால் மேலே சர்க்கரை பூக்கும். இழுவை மட்டும் கிடைக்காது, நறுக்கென்று முறியும்.

சாயத்தையும் பார்க்க வேண்டும். ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயை 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை செய்தது நினைவிருக்கும்.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண், செய்த தேதி, பச்சைப் புள்ளி அல்லது பழுப்பு முக்கோணம்: இவை இல்லாத மிட்டாயை, எவ்வளவு கமிஷன் தந்தாலும், நாங்கள் கல்லாவுக்கு முன் வைப்பதில்லை.