கடை ரௌட்டரை உயிர்ப்பித்த கதை

பருப்பு விலை எழுதுகிறவன் ரௌட்டர் பற்றி எழுதுகிறானே என்று எண்ண வேண்டாம். இதுவும் கல்லாப்பெட்டி சமாச்சாரம்தான்.

ஒரகடம் தொழிற்சாலைப் பிள்ளைகள் கடைக்குள் சிக்னல் இல்லாதபோது வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். பணம் வந்தால் சரி என்று நானும் சொல்லிவிடுவேன். ஒரே வருடத்தில் அது ஊரறிந்த பாஸ்வேர்டாகிவிட்டது. என் பற்று வரவு முழுவதும் இருக்கும் பில்லிங் கம்ப்யூட்டரும் அதே இணைப்பில்தான் இருந்தது!

என் தங்கை மகன்தான் எச்சரித்தான். "மாமா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிற மென்பொருளுக்குக் கம்பெனி அப்டேட் நிறுத்தி நாலு வருஷமாச்சு. ஓப்பன்-டபிள்யூஆர்டி போட்டுடலாம்" என்றான். காசு கேட்காத மென்பொருள் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இலவசமாக வரும் சரக்கில் புழு இருக்கும் என்று பழகியவன் நான்.

அதன் வரலாற்றைச் சொன்னான். 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டரை விற்பனைக்கு விட்டது. அதன் உள்ளே இருந்தது லினக்ஸ். அதை வைத்துப் பொருள் விற்பவர், வாங்கியவர் கேட்டால் மூல நிரலையும் தர வேண்டும் என்பது அதன் உரிம நிபந்தனை. வாங்கியவர்கள் விடாமல் கேட்கவே, 2003இல் நிரல் வெளிவந்தது. அதை வைத்து 2004இல் தொடங்கியதே ஓப்பன்-டபிள்யூஆர்டி. பெயரும் அந்த ரௌட்டரிலிருந்தே வந்தது. லிங்க்சிஸை 2003இல் வாங்கிய சிஸ்கோ மீது இதே நிபந்தனைக்காக 2008இல் வழக்குப் போட்டார்கள், 2009இல் சமரசமானது. கேட்டு வாங்கிய உரிமை என்றதும் என் சந்தேகம் பாதி போயிற்று.

அவன் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரத்தில் நானே முயன்றதுதான் தப்பு. ஒரே மாடல் பெயரில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று உள்ளே வேறு வேறு சரக்கு இருக்கும். அடியில் ஒட்டிய லேபிளைப் பார்க்காமல் மாற்றுக் கோப்பை ஏற்றினேன். ஒரு விளக்கு மட்டும் சிமிட்டியது, அவ்வளவுதான். அன்று முழுக்கக் கையால் சிட்டை எழுதினோம். பையன்களுக்குச் சிரிப்பு வேறு.

இரவு மருமகன் வந்து மீட்டான். பல ரௌட்டர்களில் ரீசெட் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்தால், முதல் சில வினாடிகளில் வயர் வழியே கோப்பை வாங்கிக்கொள்ளும் வசதி உண்டாம். எல்லா மாடலிலும் கிடையாது. எனக்கு அதிர்ஷ்டம்.

செய்ய நினைப்பவர்கள் ஓப்பன்-டபிள்யூஆர்டி பட்டியலில் உங்கள் மாடலும் வெர்ஷனும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 4 எம்.பி. ஃபிளாஷ், 32 எம்.பி. ராம் உள்ள பழைய பெட்டிக்குப் புதிய பதிப்பு கிடையாது. அதற்கு வேறு வாங்குவதே லாபம். ஏற்றும்போது வைஃபை வேண்டாம், லேன் வயர் போடுங்கள், யூ.பி.எஸ். அவசியம், பாதியில் கரண்ட் போனால் பெட்டி போச்சு. ஏற்றி முடித்ததும் பாஸ்வேர்டே இருக்காது, முதல் வேலையாக அதை வையுங்கள். வாரண்டி உள்ள பெட்டியிலும், இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியிலும் கை வைக்காதீர்கள்.

இப்போது என் கடையில் இரண்டு வைஃபை. பில்லிங் கம்ப்யூட்டர் ஒன்றில், வாடிக்கையாளர்கள் மற்றொன்றில். அங்கிருந்து இதைத் தொட முடியாது. வாடிக்கையாளர் பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றி, விலைப்பலகைக்குக் கீழே சாக்பீஸால் எழுதிவிடுகிறேன்.