பைன் லில்லி

பைன் லில்லி என்பது ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரச் சமவெளியில் இயற்கையாக வளரும் பல்லாண்டுத் தாவரமாகும். இதன் தாவரவியற் பெயர் லிலியம் கேட்சுபேயி. வர்சீனியா முதல் புளோரிடா வரையிலும், மேற்கே லூசியானா வரையிலும் உள்ள ஈரமான பைன் காடுகளில் இது காணப்படுகின்றது. தாமசு வால்ட்டர் 1788 இல் இதனை விபரித்தார். கரோலினா, புளோரிடா பகுதிகளின் உயிரினங்களை வரைந்து நூலாக்கிய ஆங்கிலேய இயற்கையியலாளர் மார்க் கேட்சுபியின் (1683 - 1749) பெயர் இதற்கு இடப்பட்டுள்ளது.

லில்லி என்னும் சொல்லை அல்லி எனத் தமிழாக்குவது உண்டு. ஆனால் தமிழில் அல்லி எனப்படுவது நீரில் வளரும், முற்றிலும் வேறான குடும்பத்தைச் சேர்ந்த கொடியாகும். ஆதலால் இங்கு லில்லி என்றே குறிப்பிடப்படுகின்றது.

அடையாளம் காணல்

தண்டு கிளைவிடாமல் சுமார் 30 முதல் 90 செ.மீ. உயரம் வளரும். பெரும்பாலும் அதன் நுனியில் ஒரே ஒரு பூ மட்டுமே பூக்கும். அப்பூ வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கும். ஆறு பூவிதழ்களும் செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறமானவை. அடிப்பகுதி மஞ்சளாகி, கரும்புள்ளிகளுடன் காணப்படும். ஒவ்வோர் இதழும் அடியில் காம்புபோல் ஒடுங்கியிருப்பதால், இதழ்களுக்கிடையே இடைவெளி தெரியும். நீண்டு கூரான நுனிகள் வெளிப்புறமாக வளைந்திருக்கும்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை அறிந்தோருக்கு இவ்விதழ்கள் அதனை நினைவூட்டக்கூடும். எனினும் செங்காந்தளில் பூ கீழ்நோக்கித் தொங்க, இதழ்கள் மட்டும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். அது இலைநுனியிலுள்ள பற்றுக்கம்பியால் ஏறும் கொடி, குடும்பமும் வேறு.

பூவைக் காட்டிலும் இலையே உறுதியான அடையாளமாகும். அப்பகுதியின் பிற லில்லிகளில் ஒரு கணுவில் பல இலைகள் தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும். பைன் லில்லியின் ஒடுங்கிய இலைகளோ ஒவ்வொன்றாக மாறிமாறித் தோன்றி, மேல்நோக்கித் தண்டோடு ஒட்டினாற்போல் நிற்கும். உச்சியை நெருங்க நெருங்கச் சிறுத்துவிடும். கரோலினா லில்லியும், புளோரிடாவின் வடமேற்கிலும் அலபாமாவின் தெற்கிலும் வளரும் மஞ்சள்நிறப் பான்காண்டில் லில்லியும் தலைகவிழ்ந்த பூக்களை உடையவை. மர லில்லி மட்டும் இதனைப் போலவே நிமிர்ந்து பூப்பது. ஆனால் அது வடபகுதிகளுக்கு உரியது, அதன் மேல் இலைகள் வட்டமாக அமைந்தவை.

பூக்காத காலத்தில் இதனைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். பூப்பது கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும், பெரும்பாலும் செப்டம்பரில்தான். மற்றக் காலங்களில் மெல்லிய தண்டும் இலைகளும் சுற்றியுள்ள புல்லோடு புல்லாக மறைந்துவிடும். சில ஆண்டுகளில் குமிழ் தளிர்விடாமலே நிலத்தடியில் உறங்குவதும் உண்டு. ஆகவே ஓராண்டில் பூ தென்படவில்லை என்பதைக் கொண்டு அவ்விடத்தில் செடி இல்லை என முடிவுசெய்யலாகாது. நிலத்தைத் திருத்துமுன் நடத்தப்படும் கணக்கெடுப்புகளில் இது முக்கியமான செய்தியாகும்.

வாழிடமும் நெருப்பும்

மழைக்காலத்தில் நீர் தேங்கும், வளங்குன்றிய, அமிலத்தன்மை வாய்ந்த மணற்பாங்கான நிலமே இதன் இருப்பிடம். பூச்சியுண்ணும் குடுவைச் செடிகளும் கம்பிப்புல்லும் இதன் அயலில் வளர்வன. இக்காடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்னலாலோ மனிதராலோ மூட்டப்படும் தரைத் தீயால் எரிந்து பழகியவை. தீ புதர்களை எரித்து வெளிச்சத்தைக் கொணர்கின்றது. மண்ணுக்குள் இருக்கும் குமிழ் தப்பிப் பின்னர் பூக்கின்றது. தீயைத் தடுத்துக் "காப்பாற்றிய" காடுகளில் புதர் மண்டிப் பைன் லில்லி அருகிப்போனது. ஏறத்தாழ 9 கோடி ஏக்கராக இருந்த நெட்டிலைப் பைன் காடுகள் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 30 இலட்சம் ஏக்கராகக் குறுகியிருந்தன. புளோரிடா மாநிலம் இத்தாவரத்தை அச்சுறு நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

மகரந்தச் சேர்க்கை

பெரிய வாலுடை வண்ணத்துப்பூச்சிகள், குறிப்பாகப் பாலமெடீசு என்னும் இனம், தேனருந்துகையில் சிறகுகளில் மகரந்தத்தை ஏந்திச் செல்கின்றன. பாலமெடீசின் புழுக்கள் உண்பதோ வெண்ணெய்ப்பழ மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த செம்பே போன்ற மரங்களின் இலைகளை. ஆசியாவிலிருந்து வந்த சிறு வண்டொன்று 2002 இல் ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகருக்கு அருகே கண்டறியப்பட்டது. அது பரப்பும் பூஞ்சை நோயால் செம்பே மரங்கள் பெருமளவில் மடிந்துள்ளன.